தோல் தடிப்பும் நோய்த்தடுப்பும்: இராஜாஜியின் பி.சி.ஜி. எதிர்ப்பும் வெள்ளையணுக்கள் பற்றிய அறிவின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தை 1955ஆம் ஆண்டு சி. இராஜகோபாலாச்சாரியார் வெளிப்படையாக எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு ஒரு மூத்த அரசியல்வாதியின் பழமைப் பிடிவாதமாக ஒருபுறமும், பின்னாளில் செங்கற்பட்டுக் கள ஆய்வால் மெய்ப்பிக்கப்பட்ட முன்னறிவாக மறுபுறமும் படிக்கப்பட்டு வருகிறது. இவ்விரு வாசிப்புகளும் குறையுடையவை என்பது இக்கட்டுரையின் துணிபு. டியூபர்குலின் ஊசிக்குத் தோலில் எழும் தடிப்பை நோய்த்தடுப்பின் அடையாளமாகக் கொண்டதே அன்றைய இயக்கத்தின் வலுவற்ற இடம். அத்தடிப்பை உண்டாக்கும் வெள்ளையணுக்கள் எவை, அவை உடலைக் காக்கும் முறை எது என்ற வினாக்களோடு சேர்த்து நோக்கும்போது 1955ஆம் ஆண்டு விவாதம் வேறொரு பொருளைப் பெறுகிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளையணுக்கள், நிணவணு, பெருவிழுங்கணு, காசநோய், பி.சி.ஜி., இராஜாஜி, செங்கற்பட்டு ஆய்வு

தொரப்பள்ளியும் லைப்சிக்கும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று இராஜாஜி பிறந்தார். அன்று சேலம் மாவட்டத்தின் வடமேற்கு எல்லையில் இருந்த அவ்வூர், 1965இல் தருமபுரி மாவட்டத்திலும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. அவர் பிறந்த வீடு இன்று அரசின் நினைவில்லமாக உள்ளது. கன்னட நாட்டெல்லையை ஒட்டிய இச்சிற்றூரைச் சுற்றி இன்று ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஆலைகள் பெருகியுள்ளன.

அதே 1878ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்னும் இளம் மருத்துவர், திசுக்களுக்குச் சாயமேற்றும் முறை பற்றிய தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அளித்தார். இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் இராஜாஜியின் வாழ்நாளும் வெள்ளையணுக்கள் பற்றிய அறிவின் வளர்ச்சியும் ஒரே காலப் பரப்பில் அமைந்தவை என்பதை நினைவிற்கொள்வது பயன்தரும். அவர் பிறந்தபோது வெள்ளையணுக்களின் வகைகளுக்குப் பெயரில்லை. 1955இல் அவர் தடுப்பூசியை எதிர்த்தபோது, நிணவணு என்ன செய்கிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் உலகில் எவரும் இல்லை. 1972இல் அவர் மறைந்தபோது நிணவணுக்கள் ‘பி’ என்றும் ‘டி’ என்றும் இரு குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

இராஜாஜியை அறிவியலின் பகைவராகக் காட்டும் போக்குக்கு எதிராக ஒரு செய்தியை இங்கேயே குறிப்பிடலாம். 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்து இதழும் நடத்தியவர்களுள் அவர் ஒருவர். ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலின்வழி வேதியியலைத் தமிழில் எளிமையாக எழுதியவரும் அவரே.

அணுவா, நிணநீரா

எர்லிக் 1870களின் இறுதியில், உலர்த்திய குருதிப் பூச்சின்மீது வெவ்வேறு இயல்புடைய சாயங்களை ஏற்றிப் பார்த்தார். ஈயோசின் என்னும் செஞ்சாயத்தை விரும்பி ஏற்ற துகள்களையுடைய அணு ஈசினோபில் ஆயிற்று. காரச் சாயத்தை ஏற்றது பேசோபில். நடுநிலைச் சாயத்தை ஏற்றது நியூட்ரோபில். துகள்கள் இல்லாதவை நிணவணு என்றும் ஒற்றையணு என்றும் பின்னர்த் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. இன்றும் மருத்துவமனை ஆய்வகம் தரும் குருதி அறிக்கையில் இந்த ஐந்து பெயர்களே காணப்படுகின்றன. நலமுள்ள பெரியவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உண்டு. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் நியூட்ரோபில்கள். அடுத்த பெரும்பங்கு, அதாவது 20 முதல் 40 விழுக்காடு, நிணவணுக்கள். ஏனைய மூன்றும் சிறுபான்மை.

இப்பெயர்கள் சாயத்தைக் கொண்டு இடப்பட்டவை, செயலைக் கொண்டு இடப்பட்டவை அல்ல என்பது கவனிக்கத்தக்கது. நியூட்ரோபில் சீழ்பிடிக்கும் இடத்திற்கு முதலில் விரைந்து கிருமிகளை விழுங்குகிறது. ஈசினோபில் புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும் பெருகுகிறது. ஒற்றையணு குருதியை விட்டுத் திசுவுக்குள் நுழைந்து பெருவிழுங்கணுவாக வளர்கிறது. இவையெல்லாம் படிப்படியாகப் பின்னரே தெரியவந்தவை. நிணவணுவின் செயலே மிகத் தாமதமாக வெளிப்பட்டது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

எலி மெச்னிகாப் 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில், ஒளி ஊடுருவும் விண்மீன் உயிரியின் இளவுயிரிக்குள் முள்ளைச் செருகி, அதனைச் சூழ்ந்து மொய்த்த அணுக்களைக் கண்டார். அயற்பொருளை விழுங்கும் அணுக்களே உடலின் காவலர் என்பது அவர் கோட்பாடு. அதற்கு மாறாக, குருதியின் நீர்ப்பகுதியில் கரைந்துள்ள எதிர்ப்பொருளே நோயைத் தடுக்கிறது என்றது ஜெர்மானியப் பள்ளி. தொண்டை அடைப்பானுக்கும் இரணசன்னிக்கும் எதிர்ச்சீரம் வெற்றி தந்தபின் இரண்டாம் கட்சியின் கை ஓங்கியது. 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு மெச்னிகாபுக்கும் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோதும் வழக்கு முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் நோய்த்தடுப்பியல் பெரும்பாலும் சீரத்தின் அறிவியலாகவே நடந்தது.

காசநோய் மட்டும் அந்த அறிவியலுக்குள் அடங்க மறுத்தது. காசநோய்க் கிருமி அணுவுக்கு வெளியே திரிவதைக் காட்டிலும் பெருவிழுங்கணுவின் உள்ளேயே குடியிருக்க விரும்புவது. தன்னை விழுங்கிய அணு தன்னைச் செரித்துவிடாதபடி தடுத்து, அதனையே வீடாக்கிக் கொள்கிறது. குருதியில் மிதக்கும் எதிர்ப்பொருள் அவ்வீட்டுக்குள் எளிதில் எட்டாது. ஆதலால் காசநோயைத் தடுக்கும் ஆற்றலைச் சீரத்தில் அளந்தறிய முடியவில்லை. அளப்பதற்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு கருவி: டியூபர்குலின்.

கிண்டியும் மதனப்பள்ளியும்

1890இல் இராபர்ட் கோக் காசநோய் மருந்தென்று அறிவித்த டியூபர்குலின், மருந்தாகத் தோற்று நோயறி கருவியாகப் பிழைத்தது. காசநோய்க் கிருமி ஏற்கெனவே உடலில் புகுந்தவருக்கு அதனைத் தோலுக்குள் சிறிதளவு செலுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் அவ்விடம் சிவந்து தடிக்கும். கிருமி புகாதவருக்குத் தடிக்காது. எதிர்ப்பொருளால் எழும் ஒவ்வாமை சில நிமிடங்களில் தோன்றுவது. இதுவோ நாட்கணக்கில் தாமதித்துத் தோன்றுவது. அத்தாமதத்தின் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை.

கால்மெத், கெரான் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை லீல் நகரில் 1908 முதல் 13 ஆண்டுகள், ஏறத்தாழ 230 முறை மறுவளர்ப்புச் செய்து வலுவிழக்க வைத்தனர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துக்களே பி.சி.ஜி. என்னும் பெயரில் நிற்கின்றன. 1921இல் முதற்குழந்தைக்கு அது தரப்பட்டது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இத்தடுப்பு மருந்து பெற்ற குழந்தைகளுள் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீரியமுள்ள காசநோய்க் கிருமி ஆய்வகத்தில் கலந்துவிட்டதே காரணம் என்று பின்னர் உறுதியாயிற்று. எனினும் ‘லூபெக்’ என்ற சொல் அதற்குப்பின் ஒவ்வொரு பி.சி.ஜி. விவாதத்திலும் எதிரொலித்தது, சென்னையிலும் எதிரொலித்தது.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1948இல் கிண்டி கிங் நிலையத்தில் பி.சி.ஜி. உற்பத்திக்கான ஆய்வகம் அமைந்தது. அதே ஆண்டு மதனப்பள்ளியில் தடுப்பூசி போடும் பணி தொடங்கிற்று. அன்று சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவ நிலையம் தென்னிந்தியா முழுவதும் பெயர்பெற்றது. அதன் தலைமை மருத்துவராக விளங்கிய பி.வி. பெஞ்சமின் பின்னர் நடுவண் அரசின் காசநோய் ஆலோசகரானார். 1949இல் ஸ்காண்டிநேவிய நாட்டுத் தொண்டு அமைப்புகளும் யுனிசெப்பும் இணைந்து நடத்திய பன்னாட்டுக் காசநோய் இயக்கம் இந்தியாவுக்கு வந்தது. 1951 முதல் உலக நலவாழ்வு நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் துணையுடன் அரசே இவ்வியக்கத்தைப் பெருமளவில் விரித்தது.

இயக்கத்தின் நடைமுறை எளியது. குழு ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ வரும். எல்லாருக்கும் டியூபர்குலின் ஊசி போடும். மூன்று நாள் கழித்து வந்து தடிப்பை அளக்கும். தடிப்பு எழாதவர் ‘காப்பற்றவர்’, அவருக்குப் பி.சி.ஜி. போடப்படும். சில வாரங்கள் கழித்து அவருள் சிலருக்கு மீண்டும் டியூபர்குலின் போட்டுப் பார்த்தால் தடிப்பு எழும். எழுந்தால் தடுப்பூசி ‘பற்றிக்கொண்டது’ என்று பொருள். எத்தனை பேருக்குத் தடிப்பு எழுந்தது என்ற எண்ணிக்கையே தடுப்பூசித் தொகுதியின் தரத்துக்கும் குழுவின் திறனுக்கும் சான்றாயிற்று. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எத்தனை பேர் நோயுற்றனர் என்று எண்ணுவது அவ்விரைந்த இயக்கத்தால் இயலாத செயல். விடையை மூன்று நாளில் தரும் தோலையே அது நம்பிற்று.

1955

1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய இராஜாஜி, 1955இல் பி.சி.ஜி. இயக்கத்திற்கு எதிராகப் பொதுவில் பேசவும் எழுதவும் தொடங்கினார். தாம் அதனை எதிர்ப்பதன் காரணங்களை விளக்கும் ஆங்கிலச் சிறுநூல் ஒன்றையும் அவ்வாண்டே வெளியிட்டார். அவருடைய வாதங்களுள் முதன்மையானவை: உயிருள்ள கிருமியை நலமுள்ள கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்துவது அச்சத்திற்குரியது, தடுப்பூசியின் பயன் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை, மேலைநாட்டு வல்லுநர்களிடையே இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை, காசநோயின் வேர் வறுமையிலும் நெருக்கடியான வாழ்விடங்களிலும் இருக்கிறது. நடுவண் நலத்துறை அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌரும் காசநோய் வல்லுநர்களும் இயக்கத்தைத் தாங்கிப் பேசினர். தடுப்பூசி பாதுகாப்பானது, கட்டாயமற்றது, பல நாடுகளில் பயன் கண்டது என்பன அவர்தம் மறுப்பின் சாரம். இந்தியாவின் முதல் இந்தியத் தலைமை ஆளுநராக இருந்தவர், பாரத ரத்னா பெற்றவர் எழுப்பிய எதிர்ப்பு என்பதால் சென்னை மாநிலத்தில் இயக்கம் தளர்ச்சியுற்றது.

மேலைநாட்டு வல்லுநர்கள் ஒருமித்திருக்கவில்லை என்ற கூற்று உண்மையே. 1930களில் வட அமெரிக்கப் பழங்குடியினரிடையே தொடங்கிய ஆய்வு பெரும்பயனைக் காட்டியது. பியூர்ட்டோ ரிக்கோவிலும் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களிலும் நடந்த ஆய்வுகள் மிகச் சிறிய பயனையே காட்டவிருந்தன. பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 50,000க்கும் மேற்பட்ட பள்ளி இறுதி மாணவரிடையே 1950இல் தொடங்கிய ஆய்வின் முதல் அறிக்கை 1956இல்தான் வந்தது. அது ஏறத்தாழ 80 விழுக்காட்டுக் காப்பைக் காட்டியது. அதாவது, 1955இல் சென்னையில் இரு தரப்பினரும் மோதிக்கொண்டபோது, முறையாக ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு எவர் கையிலும் இல்லை. இந்தியக் களத்தில் சான்று என்று சொல்லத்தக்கது 1950இல் மதனப்பள்ளிப் பகுதியில் தொடங்கிய ஆய்வு ஒன்றே. அதில் நோயுற்றோர் எண்ணிக்கை சிறிதாக இருந்ததால் உறுதியான விடை கிட்டவில்லை.

விவாதம் பெரும்பாலும் தீங்கு, பயன் என்னும் இரண்டையே சுற்றிச் சுழன்றது. மூன்றாவது வினா ஒன்று மேடைக்கு வரவேயில்லை எனலாம்: தோலில் எழும் தடிப்பு நோய்த்தடுப்புக்குச் சான்றாகுமா?

தடிப்பு எதனைச் சொல்கிறது

இவ்வினா அன்று புதிதன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நோய்க்கூற்றியல் அறிஞர் ஆர்னால்டு ரிச், டியூபர்குலின் ஒவ்வாமையும் காசநோய் எதிர்ப்பாற்றலும் ஒன்றல்ல என்று 1930களிலேயே வாதிட்டார். டியூபர்குலினைச் சிறுகச் சிறுகச் செலுத்தி ஒவ்வாமையை அகற்றிய விலங்குகளிடத்தும் எதிர்ப்பாற்றல் எஞ்சியிருந்தது என்பது அவர் காட்டிய சான்று. இக்கருத்து எல்லாராலும் ஏற்கப்படவில்லை. தடிப்பு எழுந்தவர் காப்புப் பெற்றவர் என்னும் எளிய சமன்பாட்டைக் களப்பணி விரும்பியது ஒரு காரணம். இன்னொரு காரணம், தடிப்பை உண்டாக்குவது எது என்பதே அதுவரை தெரியாதிருந்தது.

அதனை வெளிப்படுத்தியவர் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் பணியாற்றிய மெரில் சேஸ். டியூபர்குலினுக்குத் தடிக்கும் கினிப்பன்றியின் சீரத்தை எடுத்து வேறொரு கினிப்பன்றிக்குச் செலுத்தினால் தடிப்பு மாறிவரவில்லை. வெள்ளையணுக்களை எடுத்துச் செலுத்தினால் மாறிவந்தது. 1945இல் வெளிவந்த இச்சிறு அறிக்கை, மெச்னிகாபின் பழைய வழக்கை மீண்டும் திறந்தது. சீரத்தால் கடத்தப்படாத, அணுவால் மட்டுமே கடத்தப்படும் நோயெதிர்ப்பு ஒன்று உண்டு. எந்த அணு என்பது மட்டும் எஞ்சிய வினா.

அதற்கான விடை துண்டு துண்டாக வந்தது. 1961இல் இலண்டனில் ஜாக் மில்லர், பிறந்த உடனே தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட சுண்டெலிகள் நிணவணுக்கள் குன்றி நோய்க்கு இரையாவதைக் கண்டார். அதுவரை பயனற்ற எச்சமாகக் கருதப்பட்ட உறுப்பு அது. பத்தாண்டு முடிவதற்குள் இருவகை நிணவணுக்கள் தெளிவாயின: எதிர்ப்பொருளை உருவாக்கும் பி நிணவணு, தைமஸில் முதிர்ச்சி பெறும் டி நிணவணு. 1962 முதல் ஜார்ஜ் மக்கானஸ் செய்த சோதனைகள் பெருவிழுங்கணுவின் இடத்தை வரையறுத்தன. சாதாரண நிலையில் கிருமியைக் கொல்ல இயலாத பெருவிழுங்கணு, தூண்டப்பட்ட நிலையில் கொல்லும் ஆற்றல் பெறுகிறது. அத்தூண்டுதல் நிணவணுவிடமிருந்து வருகிறது. அச்செய்தியை ஏந்திச் செல்லும் பொருள்களுள் தலையானது இன்டர்பெரான் காமா என்று 1980களில் தெரிந்தது.

இப்போது டியூபர்குலின் தடிப்பைப் படிக்கலாம். ஊசி குத்திய இடத்திற்கு, முன்பே அக்கிருமியின் புரதத்தை அறிந்த டி நிணவணுக்கள் வந்துசேர்கின்றன. அவை விடும் செய்திப் பொருள்கள் ஒற்றையணுக்களைக் குருதியிலிருந்து வரவழைக்கின்றன. அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடித் திசுவை நிரப்புவதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். தடிப்பின் தாமதம் இந்த அணிதிரட்டலின் தாமதமே. ஆகவே தடிப்பு சொல்வது ஒன்றுதான்: இவ்வுடலின் டி நிணவணுக்கள் இக்கிருமியையோ அதன் உறவினத்தையோ முன்பு சந்தித்துள்ளன. நுரையீரலின் ஆழத்தில், கிருமி ஒளிந்துள்ள பெருவிழுங்கணுவை நாடிச் சென்று அதனைக் கொல்லும் நிலைக்கு உயர்த்தும் ஆற்றலும் எண்ணிக்கையும் அந்நிணவணுக்களுக்கு உண்டா என்பதைத் தடிப்பு சொல்வதில்லை. நினைவு உண்டு என்பதற்கும் காப்பு உண்டு என்பதற்கும் இடையே உள்ள தொலைவு அது.

செங்கற்பட்டு

பி.சி.ஜி. ஊசிகள் நாடெங்கும் தொடர்ந்து போடப்பட்டு வந்தன. பயன் பற்றிய ஐயமும் தொடர்ந்தது. இறுதியாக இந்திய மருத்துவ ஆய்வு மன்றம், உலக நலவாழ்வு நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுநலத் துறையோடும் சேர்ந்து, 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஆய்வுப் பகுதி இன்றைய திருவள்ளூர் வட்டாரத்தைச் சார்ந்தது. பதிவு செய்யப்பட்டோர் 3,66,000க்கும் மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ 2,81,000 பேருக்குப் பி.சி.ஜி.யோ வெற்று மருந்தோ குலுக்கல் முறையில் தரப்பட்டது. ஊசி போட்டவருக்கும் பெற்றவருக்கும் எது என்று தெரியாது. பாரிசு, டென்மார்க்கு என இரு வகைத் தடுப்பூசிகள். ஒவ்வொன்றிலும் இரு அளவுகள். அதுவரை உலகில் நடந்த பி.சி.ஜி. ஆய்வுகளுள் இதுவே மிகப் பெரியது. மக்களைச் சேர்க்கும் பணி 1971இல் முடிந்தது. இராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார்.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979, 1980ஆம் ஆண்டுகளில் வெளியானது. சேரும்போது தொற்று இல்லாதிருந்தவரிடையே, பி.சி.ஜி. பெற்றவருக்கும் பெறாதவருக்கும் நுரையீரல் காசநோய் வருவதில் வேறுபாடு இல்லை. 1999இல் வெளிவந்த பதினைந்தாண்டு அறிக்கையும் ஒட்டுமொத்தக் காப்பு எதையும் காட்டவில்லை. சிறுவரிடையே மட்டும் குறைந்த அளவில் பயன் இருக்கலாம் என்ற குறிப்பு கிடைத்தது.

இவ்வறிக்கைகளில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவு இக்கட்டுரைக்கு முதன்மையானது. தடுப்பூசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் தடிப்பு மிக நன்றாகவே எழுந்தது. இரண்டரை ஆண்டில் அது பெரிதும் தணிந்தது. அதாவது, 1950களின் அளவுகோலால் அளந்திருந்தால் செங்கற்பட்டில் பி.சி.ஜி. முழு வெற்றி. ஊசி பற்றிக்கொண்டது, தோல் சாட்சி சொன்னது, நோய் மட்டும் குறையவில்லை. ரிச் விலங்குகளிடம் கண்ட பிளவை, செங்கற்பட்டு மனிதரிடம் மிகப் பெரிய அளவில் கண்டது என்று இதனைப் படிக்க இடமுண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை என்பது உண்மை: அங்கே தடிப்பின்றிக் காப்பு, இங்கே காப்பின்றித் தடிப்பு. ஒன்றைக் கொண்டு மற்றதை அளக்கலாகாது என்னும் இடத்தில் இரண்டும் சேர்கின்றன.

ஏன் காக்கவில்லை

பிரிட்டன் மாணவரைக் காத்த ஊசி திருவள்ளூர் உழவரை ஏன் காக்கவில்லை? தரப்பட்ட விடைகள் பல. அவற்றுள் வலுவானது மண்ணையும் நீரையும் சார்ந்தது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் குளத்து நீரிலும் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினங்கள் நிறைந்துள்ளன. செங்கற்பட்டு ஆய்வுப் பகுதியில் பதின்ம வயதை எட்டும் முன்னரே பெரும்பாலோரின் உடல் அவற்றைச் சந்தித்திருந்தது. அச்சந்திப்பால் டி நிணவணுக்கள் முன்பே பயிற்சி பெற்றிருந்தால் இரண்டில் ஒன்று நிகழலாம். பி.சி.ஜி. தரக்கூடிய சிறு காப்பு இயற்கையாகவே கிடைத்திருக்க, ஊசி புதிதாக எதையும் சேர்க்காமல் போகலாம். அல்லது, முன்பயிற்சி பெற்ற அணுக்கள் பி.சி.ஜி. கிருமி பெருகுமுன்னே அதனை அழித்து, ஊசியையே பயனற்றதாக்கலாம். வலுவிழந்த கிருமியும் உடலில் சிறிது காலம் வாழ்ந்து பெருகினால்தானே நிணவணுக்கள் அதனை நன்கு கற்கும்?

2002இல் வெளியான ஓர் ஒப்பாய்வு முதல் விளக்கத்துக்கு அணுவளவில் துணைநின்றது. ஆப்பிரிக்காவின் மலாவியிலும் பிரிட்டனிலும் இளைஞர்களுக்குப் பி.சி.ஜி. போடுமுன்னும் போட்ட பின்னும் குருதியெடுத்து, காசநோய்ப் புரதத்துக்கு எதிராக அவர்தம் அணுக்கள் சுரக்கும் இன்டர்பெரான் காமா அளக்கப்பட்டது. பிரிட்டன் இளைஞரிடம் ஊசிக்குப்பின் அது பெரிதும் உயர்ந்தது. மலாவி இளைஞரிடம் ஊசிக்கு முன்னரே அது உயர்ந்திருந்தது. ஊசியால் கூடியது சிறிதே. மலாவியிலும் பி.சி.ஜி. நுரையீரல் காசநோயைத் தடுக்கத் தவறியிருந்தது.

டி நிணவணுவின் காவல் எத்துணை இன்றியமையாதது என்பதை வேறொரு கொடிய வழியில் வரலாறு காட்டியது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அத்தொற்று அழிப்பது சி.டி.4 எனப்படும் உதவி டி நிணவணுக்களை. அவை குறையக் குறைய, ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி எழுந்தது. எச்.ஐ.வி. நோயாளிகளின் முதன்மைத் துணைநோயாகத் தமிழகத்தில் காசநோயே நின்றது. அந்நோயாளிகளுள் பலருக்கு டியூபர்குலின் தடிப்பும் எழவில்லை. கிருமி உடல் முழுதும் இருந்தும் தோல் வாய் திறக்கவில்லை.

இராஜாஜி பக்கம் நியாயமா

செங்கற்பட்டு முடிவை இராஜாஜியின் வெற்றியாகக் கொண்டாடுவோர் உண்டு. அது பாதி உண்மைக்கு மேல் செல்லாது. இந்நாட்டு மக்களிடையே பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்ற அவர் கூற்று சரியானது. அதனை மெய்ப்பிக்கும் முயற்சி முறையாகத் தொடங்கவே பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்பதும், அதற்குள் கோடிக்கணக்கான ஊசிகள் போடப்பட்டுவிட்டன என்பதும் இயக்கத்தை நடத்தியவர்களுக்குப் பெருமை சேர்ப்பன அல்ல. ஆயினும் அவருடைய முதன்மை அச்சம் வேறு: உயிருள்ள கிருமி நலமுள்ள குழந்தையை நோயாளியாக்கும் என்பது. அவ்வச்சத்தைப் பரந்த பயன்பாடு உறுதிப்படுத்தவில்லை. எதிர்ப்பாற்றல் பிறவியிலேயே குன்றிய குழந்தைகளிடத்தே மட்டும் அது உண்மையாகிறது. அக்குழந்தைகளிடம் குறைபடுவது பெரும்பாலும் டி நிணவணுவோ, அதற்கும் பெருவிழுங்கணுவுக்கும் இடையிலான செய்தித் தொடர்போதான்.

செங்கற்பட்டு ஆய்வு விடையளிக்காத வினாவும் ஒன்றுண்டு. அது பெரும்பாலும் பெரியோரின் நுரையீரல் காசநோயை எண்ணியது. கைக்குழந்தையைக் கொல்லும் காசநோய் பெரிதும் வேறு வடிவினது. குருதிவழிப் பரவி மூளையுறையையும் உள்ளுறுப்புகளையும் தாக்குவது. குழந்தையின் டி நிணவணுக்கள் கிருமியை முதன்முறை கற்றுக்கொள்ள எடுக்கும் வாரங்களுக்குள் அப்பரவல் நிகழ்ந்துவிடுகிறது. பிறந்த உடனே போடப்படும் பி.சி.ஜி. அக்கல்வியை முன்கூட்டியே தருகிறது. மண்ணும் நீரும் முந்திக்கொள்வதற்கு அப்போது காலமில்லை. மூளையுறைக் காசநோயை அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தடுக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு 2006இல் வெளியானது. செங்கற்பட்டு முடிவுக்குப் பின்னரும் உலக நலவாழ்வு நிறுவனம் குழந்தைகளுக்கான ஊசியை நிறுத்தப் பரிந்துரைக்காததன் காரணம் இத்தகைய காப்பே.

1955இல் இரு தரப்பினரும் ஒரே சொல்லைக் கொண்டு இருவேறு பொருள்களைப் பற்றிப் பேசினர் என்றே இதனைக் கொள்ளவேண்டும். ‘காப்பு’ என்றபோது அரசுத் தரப்பு தோலைக் காட்டியது. இராஜாஜி அதே சொல்லைக் கேட்டு நோயற்ற வாழ்வை வினவினார். நடுவே நின்ற நிணவணுவுக்கு அன்று முகவரி இல்லை. அம்முகவரி கிடைத்தபின் எழுந்த ஆய்வுகள் பி.சி.ஜி.யின் கதையை மேலும் சிக்கலாக்கியுள்ளன. நிணவணு மட்டுமன்றி ஒற்றையணுவும் பி.சி.ஜி.யால் நெடுநாள் பயிற்சி பெறுகிறது என்று 2012 முதல் வெளிவரும் ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றின் அடிப்படையில், கொரோனாத் தொற்றுக் காலமாகிய 2020இல், முதியோருக்குப் பி.சி.ஜி. பயன்படுமா என்று சென்னைக் காசநோய் ஆய்வு நிறுவனமே சோதித்தது.

தொரப்பள்ளியில் இன்று பிறக்கும் குழந்தைக்கும், நாட்டின் பிற குழந்தைகளைப் போலவே, பிறந்த சில நாட்களுக்குள் இடது தோளில் பி.சி.ஜி. போடப்படுகிறது. சில வாரங்களில் அவ்விடம் தடித்து, பழுத்து, ஆறித் தழும்பாகும். இன்றைய தேசிய நடைமுறையில், தழும்பு எழவில்லை என்பதற்காக மறுபடி ஊசி போடுவதில்லை.